லாண்ட்மாஸ்டர் பெட்டி: சில்லுப் பேரிங் மாற்றுவதும் பிறேக் பார்ப்பதும்

லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டியில் சில்லு ஆடுகிறது, சில்லின் நடுவில் இருக்கிற ஹப் சுடுகிறது, ஓடும்போது கறகறவென்று அரைக்கிற சத்தம் கேட்கிறது. இப்படி ஏதாவது நடந்தால் ஒழுங்கையில் நிற்கிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பேரிங் போச்சு." சரி, போச்சுத்தான். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசை வாங்கி அடித்தால் அடுத்த மாரி முடிய அதே சில்லைத் திரும்பவும் கழற்ற வேண்டி வரும். பெட்டியில் பேரிங் தானாகத் தேய்ந்து சாவது குறைவு. தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்த்தான் சாகிறது, அவற்றை உள்ளே விடுவது ஹப்பின் பின்பக்கத்து ஒயில் சீல். அதே சீல்தான் கிறீஸை வெளியே கசிய விட்டுப் பிறேக் லைனிங்கையும் நாசமாக்குகிறது. பேரிங்குக்குச் செலவழிக்கிற ஆக்கள் அந்த ரப்பர் வளையத்தை மட்டும் "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே திருப்பிப் போடுவார்கள், எனக்கு அதுதான் விளங்குவதில்லை.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் காய்ந்தால் பொடியாகப் பறக்கும், நனைந்தால் ஹப்பின் பின்னால் அப்பிப் பிடித்து, காய்ந்து, சீலின் உதட்டைத் தேய்க்கும். மருதங்கேணி, தாளையடிப் பக்கம் என்றால் கடல்மணல். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குத் தாம்போதியால் ஓடுகிற பெட்டிகளுக்கு உப்புக்காற்று. இவை எல்லாவற்றையும் விட மோசம், வள்ளம் இழுக்கவும் வலை ஏற்றவும் பெட்டியைக் கடலுக்குள்ளேயே இறக்குவது. ஓடி வந்த சூட்டோடு ஹப் தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கிய இடத்துக்குச் சீலின் உதடு வழியாக உப்புத்தண்ணீரை இழுக்கும். நல்ல சீல்கூட இதற்கு முழுதாகத் தாக்குப் பிடிக்காது. கரையில் நிறுத்தி, ஹப் ஆறிய பிறகு இறக்குங்கள்.

கழற்றுவதற்கு முதல் எது பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி, புறங்கையை முதலில் கிட்டக் கொண்டுபோய், பிறகு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பிழை இருக்கிறது. ஒரு பக்கம் இளஞ்சூடாகவும் மற்றப் பக்கம் சுடவும் செய்தால் இன்னும் தெளிவு. சூடு எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள்: டிறம்மின் (சில்லோடு சேர்ந்து சுற்றுகிற பிறேக் சட்டியின்) வெளி வட்டம் கூடச் சுட்டால் பிறேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, நடுவில் மூடிப் பக்கம் கூடச் சுட்டால் பேரிங். நேரம் போனால் சூடு எல்லா இடமும் பரவிவிடும், அதனால் நிறுத்திய உடனேயே தொட வேண்டும்.

அடுத்தது ஜக் அடித்துப் பார்ப்பது. பாரத்தை முழுக்க இறக்குங்கள். பெட்டியை லாண்ட்மாஸ்டரோடு கொழுவியபடியே, இஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கழற்றித்தான் வைக்க வேண்டும் என்றால் முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்துக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும், இரண்டு சில்லுப் பெட்டி எந்தப் பக்கமும் குடை சாயும். ஜக் அச்சுக்குக் கீழே பிடிக்க வேண்டும், பெட்டியின் தட்டுக்குக் கீழே இல்லை. மணல் நிலம் என்றால் ஜக்குக்கு அடியில் தடித்த பலகை. தூக்கியதும் அச்சுக்குக் கீழே பனங்குற்றி ஒன்றை வைத்து அதன்மேல் இறக்குங்கள். சீமெந்துக் கல்லை வைக்கிற பழக்கத்தை விடுங்கள், உள்ளே ஓட்டை உள்ள கல் ஒரு சொல்லும் சொல்லாமல் உடையும். ஜக்கில் மட்டும் நிற்கிற பெட்டிக்குக் கீழே கையோ தலையோ போகக்கூடாது.

தூக்கிய சில்லைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசுகிற சத்தம் என்றால் டிறம் வட்டம் தப்பியிருக்கிறது. முழுக்க உரசினால் பிறேக் சூ (டிறம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற, லைனிங் பூட்டிய வளைந்த தகடு) விடவில்லை. கல் அரைக்கிற மாதிரிக் கரகரப்பு கைக்கே தெரிந்தால் பேரிங். இனி சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பிறேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்கில் உள்ள ஆட்டம். மிதித்த பிறகும் ஆடினால் அச்சைச் சட்டத்தோடு பிடிக்கிற யூ போல்ட், வில்லுத் தகடு உள்ள பெட்டி என்றால் அதைப் பிடிக்கிற பின் ஆணி, இப்படி வேறு எங்கோ தளர்வு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், தேவையில்லாமல் ஒரு பேரிங் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கும்.

கழற்றுவது கஷ்டமில்லை. சில்லு நட்டுகளை நிலத்தில் நிற்கும்போதே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். சில்லு போனதும் நடுவில் உள்ள மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். உள்ளே ஸ்பிளிட் பின், நட்டு, வாசர். அதை எடுத்து டிறம்மை மெல்ல ஆட்டி இழுக்கும்போது வெளிப் பேரிங் முன்னால் வந்து விழும், மண்ணில் விழாமல் கையை வைத்துப் பிடியுங்கள். டிறம் வர மறுத்தால் பிறேக் சரிசெய்கிற நட்டைப் பின்னுக்குத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் தட்டுங்கள். டிறம் வார்ப்பு இரும்பு, சுத்தியலால் நேரே அடித்தால் வெடிக்கும். பின்பக்கத்துச் சீலை நெம்பி எடுத்தால் அது வளைந்துதான் வரும், வளையட்டும், அதைத் திருப்பிப் போடப் போவதில்லை.

சூ இருக்கிற இடத்தில் கறுப்புத் தூசி இருக்கும். அதை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள்.

பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவுங்கள், ஊத்தை போன பிறகு புதிய மண்ணெண்ணெயில் இன்னொரு தரம். காய வைக்கும்போது கொம்பிறசர் காற்றை அடித்து விர்ரென்று சுற்ற விட்டு விளையாடுகிற பொடியன்களைக் கண்டால் நிறுத்துங்கள், எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றுகிற பேரிங் உடைந்து உருளைகள் தெறிக்கும். காய்ந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், கபில நிறம் ஏறியிருந்தால் கிறீஸ் இல்லாமல் அல்லது அளவுக்கு மேல் இறுக்கி ஓடியிருக்கிறது. அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழுந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது. உருளைகளின் இடைவெளியில் துருக்கோடுகள் இருந்தால் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது, கன நாள் ஓடாமல் நின்ற பெட்டிகளில் இது அடிக்கடி இருக்கும். இதில் எது இருந்தாலும் பேரிங் எறிய வேண்டியதுதான். நிறம் மட்டும் கொஞ்சம் மங்கி, மேற்பரப்பு நகத்துக்கு வழவழவென்று இருந்தால் கிறீஸ் மாற்றித் திருப்பிப் போடலாம்.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையும் சீலையும் கையில் கொண்டு போங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவில்லை, இங்கே பட்டறையில் ஒட்டிய பெட்டி, இந்தியப் பெட்டி, சீனப் பெட்டி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பேரிங்கின் ஓரத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். 30206 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், 06 ஐந்து தரம் 30, அச்சு நுழைகிற ஓட்டை 30 மில்லிமீற்றர். 32007 என்றால் 35. 04இல் இருந்து மேலே இந்தக் கணக்குச் சரிவரும். சீலில் 45-62-10 என்கிற மாதிரி மூன்று இலக்கம் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. இலக்கம் அழிந்திருந்தால் கலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்து எடுத்துத் தருகிறவரிடம் வாங்காதீர்கள். இரண்டு உதடு உள்ள சீல் அந்த அளவில் கிடைத்தால் அதையே எடுங்கள், வெளி உதடு மண்ணைத் தடுக்கும்.

கப் (ஹப்புக்குள் இருக்கிற வெளி வளையம்), கோன் (அச்சில் ஏறுகிற, உருளைகள் உள்ள உள் துண்டு) உள்ள பேரிங்கில் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. ஹப்புக்குள் இறுகி இருக்கிற பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டி வெளியே எடுங்கள். ஒரே பக்கம் அடித்தால் சரிந்து இறுகும், ஹப்பையும் கீறும். புதுக் கப்பைப் பொலித்தீனில் சுற்றி முதல் நாள் இரவே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் காலையில் கொஞ்சம் சுருங்கி இலேசாக இறங்கும். பழைய கப்பை அதன்மேல் வைத்து அடித்தால் புதுசின் முகத்தில் சுத்தியல் படாது. அடியில் போய் இருந்ததும் அடிக்கிற சத்தம் மாறும், மந்தமான சத்தம் போய்க் கணீரென்று வரும். அது வரும்வரை அடியுங்கள்.

இனிக் கிறீஸ். லிதியம் கிறீஸ், இரண்டாம் இலக்கத் தடிப்பு, அது காணும். கடல் வேலைக்கு ஓடுகிற பெட்டி என்றால் தண்ணீர் தாங்குகிற மரைன் கிறீஸ். எதைப் போட்டாலும் பழையதைத் துப்புரவாக எடுத்துவிட்டுப் போடுங்கள், வேறு வேறு வகைக் கிறீஸ் கலந்தால் சிலது இளகித் தண்ணியாகிவிடும். உள்ளங்கையில் ஒரு கட்டி எடுத்து, கோனின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்திக் குத்துங்கள். மற்றப் பக்கத்தால் உருளைகளுக்கு இடையில் புழுப் புழுவாக வெளியே வந்தால்தான் உள்ளே நிறைந்திருக்கிறது. மேலே மட்டும் பூசினால் அது வெளிவேசம். ஆனால் ஹப்பின் நடு வெற்றிடத்தை முட்ட நிரப்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும். கூடிய கிறீஸ் சூட்டில் விரிந்து, வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு லைனிங்குக்கு மேல் போய்விடும். "கூடப் போட்டால் கூடக் காலம் வரும்" என்பது இந்த வேலையில் பொய்.

சீல் போடுவதற்கு முதல் அச்சில் அது உட்கார்ந்து உரசுகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பலர் பார்க்காமல் விடுகிற இடம் இது. பழைய சீலும் மண்ணும் சேர்ந்து அங்கே ஒரு தவாளிப்பு வெட்டியிருந்தால் எவ்வளவு விலையான சீல் போட்டாலும் கசியும். சிறிய துரு என்றால் மெல்லிய சாண்ட் பேப்பரால் சுற்றிவரத் தேய்த்து எடுங்கள், நீளவாக்கில் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல் வழியாகவே கிறீஸ் வெளியேறும். தவாளிப்பு ஆழமென்றால் லேத் பட்டறையில் கொடுத்து அந்த இடத்துக்கு மெல்லிய வளையம் போடச் சொல்லலாம், அல்லது ஹப்பில் இடமிருந்தால் சீலை இரண்டு மில்லிமீற்றர் முன்பின்னாக உட்கார வைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். உட்பேரிங்கை முதலில் வைத்து, பிறகு சீல். ஸ்பிறிங் உள்ள உதடு பேரிங்கைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிறீஸ் தடவி, பலகைத் துண்டை மேலே வைத்துச் சுற்றிவரத் தட்டி மட்டமாக இறக்குங்கள்.

டிறம்மை ஏற்றி, வெளிக்கோன், வாசர், நட்டு. டிறம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், சுற்றுவது பாரமாகிறது என்று தெரியும்வரை. இப்போது கப், கோன் எல்லாம் இடத்தில் இருந்துவிட்டன. உடனே நட்டை முழுதாகத் தளர்த்தி, சாவி இல்லாமல் விரலால் மட்டும் திரும்பவும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் தளர்த்துகிற பக்கம் அடுத்த வெட்டுக்குப் போங்கள், இறுக்குகிற பக்கம் போகாதீர்கள். கையில் மட்டும் தெரிகிற மெல்லிய ஆட்டம் இருந்தால் நல்லது, இறுக்கமாக இருந்தால் அடுத்த சந்திக்குப் போக முன்னமே சுடும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசு, ஆணியை வளைத்துச் செருகுவது சில்லைத் தெருவில் விடுவதற்கான வழி. சில பெட்டிகளில் கப், கோன் இல்லாமல் 6206 மாதிரிக் குண்டுப் பேரிங் இரண்டும் நடுவில் ஒரு குழாயும் இருக்கும். அதில் இந்த விரல் இறுக்கம் சரிவராது, நடுக்குழாயை மறக்காமல் போட்டு நட்டை நன்றாக இறுக்க வேண்டும்.

பிறேக்கில் பழுது தேடுவது உண்மையில் கால் மிதியில் தொடங்கி டிறம்மில் முடிகிற நடை. மிதி இலகுவாகப் போய்த் தட்டோடு முட்டுகிறதென்றால் கம்பி நீண்டிருக்கலாம், பின் ஆணி போகிற ஓட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது லைனிங் முடிந்திருக்கலாம். மிதித்து விட்ட பிறகு திரும்பி வராவிட்டால் சூவைத் திறக்கிற காம் துருப்பிடித்திருக்கிறது அல்லது இழுவை ஸ்பிறிங் செத்துப் போயிற்று. காமைக் கழற்றித் துரு எடுத்து மிக மெல்லியதாகக் கிறீஸ் தடவுங்கள், ஸ்பிறிங்கை மாற்றுங்கள். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை தெரியத் தொடங்கினால் டிறம்மில் கோடு விழும், அதற்கு முதலே மாற்ற வேண்டும். கிறீஸ் ஊறிய லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யாது. ஊறியது உள்ளேயே இருக்கும், டிறம் சூடேறியதும் வெளியே வரும். மாற்றும்போது இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் என்றால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சரிசெய்யும்போது இரண்டு சில்லையும் தூக்கி, ஒவ்வொரு பக்கமும் சூ டிறம்மில் முட்டும்வரை இறுக்கி, உரசல் நிற்கிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பிறகு ஒரு ஆள் பாதி மிதிக்க இரண்டு சில்லையும் சுற்றிப் பாருங்கள், இரண்டிலும் ஒரே பாரம் தெரிய வேண்டும். யாழ்ப்பாணம் தட்டை நிலம்தானே, பிறேக் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலத்தில் ஏறி இறங்குகிற சரிவிலேயே பாரம் ஏற்றிய பெட்டி லாண்ட்மாஸ்டரைப் பின்னால் இருந்து தள்ளத் தொடங்கும். லாண்ட்மாஸ்டரில் திருப்புவதற்கு ஒவ்வொரு பக்கச் சில்லையும் இஞ்சினிலிருந்து விடுவிக்கிற தனிக் கிளச் இருக்கிறது. அந்த நேரம் இடக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பாது, வலப்பக்கம் திரும்பும், ஏனென்றால் இஞ்சின் பிடித்து வைத்திருக்கிற சில்லு மெதுவாகவும் விட்ட சில்லு வேகமாகவும் ஓடும். அந்த இடத்தில் காப்பாற்றுவது பெட்டியின் பிறேக் மட்டும்தான். சரிவில் கிளச்சைத் தொடாமல் பிறேக்கை மிதியுங்கள், கைபிடியால் திருப்புங்கள்.

வெளிநாட்டில் கரவன் இழுக்கிற எங்கள் ஆக்களுக்கும் ஒரு பந்தி. பேரிங், சீல் வேலை உங்களுக்கும் அப்படியே இதுதான், பிறேக் மட்டும் மின்சாரத்தில் ஓடும். 12 வோல்ட்டில் ஒரு காந்தம் டிறம்மின் உள்முகத்தை இழுத்துப் பிடித்து நெம்புகோலைத் தள்ளும், அது சூவைத் திறக்கும். 10, 12 அங்குல டிறம் என்றால் ஒரு காந்தம் ஏறக்குறைய 3 அம்பியர் எடுக்கும், மீற்றரில் 3 முதல் 4 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் உள்ளே தொடுகிறது. இரண்டும் சரி, ஆனாலும் பிறேக் மெலிவு என்றால் எர்த் வயரையும் பிளக்கையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பச்சை பூத்திருக்கும். இடப்பக்கத் தொகுதியும் வலப்பக்கத் தொகுதியும் வேறு வேறு, லைனிங் கட்டையான சூ முன்பக்கம் வர வேண்டும். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கவனிக்க: சில்லுகளில் இறங்கும் பாரம் 750 கிலோவைத் தாண்டினால் அங்கே பிறேக் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் பிறேக் வேண்டும், பெட்டி கழன்றால் தானாகப் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும்.

வேலை முடிந்ததும் வெறும் பெட்டியோடு ஊருக்குள் மெதுவாக ஓடி, நான்கைந்து தரம் பிறேக் பிடித்து, நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொடுங்கள். சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் பாரம் ஏற்றி வந்த பிறகு இன்னொரு தரம். தை மாசியில் நெல் வெட்டு, பெட்டி ஓய்வில்லாமல் ஓடுகிற காலம், அதற்கு முதலே ஒருக்கால் திறந்து பார்த்துவிட்டால் வயலில் நின்று தலையில் கைவைக்கத் தேவையில்லை. கடலில் இறங்குகிற பெட்டியை வருடத்தில் இரண்டு தரமாவது திறக்க வேண்டும்.

வழியில் ஹப் புகைக்கத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுட்ட டிறம் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். நிறுத்தி, பாரத்தை இறக்கி, ஆறும்வரை இருங்கள். பிறேக் பிடித்துக்கொண்டு நின்றால் சரிசெய்கிற நட்டைத் தளர்த்தி வெறும் பெட்டியை மெதுவாக வீட்டுக்குக் கொண்டு போகலாம், அந்தப் பயணத்துக்குப் பிறேக் இல்லை என்பதை மனதில் வைத்து. ஆனால் மூடியைக் கழற்றும்போது உடைந்த உருளையோ உருளைகளைப் பிடித்து வைக்கிற கூட்டின் தகடோ கையில் வந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு அடியும் இழுக்காதீர்கள். சில்லு கழன்று ஓடினால் அச்சு நுனியும் போய்விடும், அச்சு மாற்றுகிற செலவுக்கு இன்னொரு பெட்டியை வாடகைக்குப் பிடித்துச் சாமானை மாற்றி ஏற்றுவது எவ்வளவோ மலிவு.